இறுக்கினவன் கீழே நிற்கணும்

“அண்ணி, இறங்குங்க! தலைக்கு மேல வந்துடுச்சு!”

சுருட்டை கீழே நின்று கத்தியது லேத்தக்காவின் காதில் நன்றாகவே விழுந்தது. இறங்கத்தான் நேரம் இல்லை. பழைய இரும்புக் குவியலின் உச்சியில் கவிழ்ந்து கிடந்த பிரஸ் மெஷின் ஒன்றின் காலைக் கட்டிக்கொண்டு, நான்காவது போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் அவள். மூன்று வந்துவிட்டன. கோட்டுப் பையில் கனத்தன. நான்காவது மட்டும் நகர்வேனா என்றது.

மேலே கிரேனின் காந்தத் தட்டு ஆடி ஆடி இறங்கியது. கிரேன் டிரைவருக்கு இரும்பு தெரியும், ஆள் தெரியாது. அவன் உட்கார்ந்திருந்த கூண்டின் கண்ணாடியில் அவ்வளவு புழுதி.

ஸ்பேனரின் வாலில் சுத்தியலால் ஒரு போடு போட்டாள். துரு உதிர்ந்தது. இன்னொரு போடு. கிரீச் என்று ஒரு சத்தம். நட்டு அசைந்தது! அதையும் விரலாலேயே சுழற்றிக் கழற்றிப் பையில் போட்டு, போல்ட்டை உருவி, ஸ்பேனரை இடுப்புக்குப் பின்னால் செருகிக்கொண்டு சரிந்து குதித்தாள். அவள் தரையைத் தொட்ட அதே நொடியில் காந்தத்துக்கு உயிர் வந்தது. மேலே விட்டுவிட்டு வந்த சுத்தியல் ஒரே தாவலில் தட்டில் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்து பிரஸ் மெஷின், மொத்தமாக, அந்தரத்தில்.

“சுத்தியல் போச்சு,” என்றாள் லேத்தக்கா மூச்சு வாங்கியபடி.

“தலை போகலையேன்னு சந்தோஷப்படுங்க. நாலு போல்ட்டுக்கு இந்தக் கூத்தா? இந்தத் தெரு முழுக்க போல்ட் கடைதானே?”

“நம்ம போல்ட் இல்லடி.”

சுருட்டை வாயை மூடிக்கொண்டாள். நாத்தனார் வாயை மூடுவது அபூர்வம். ஆனால் இன்று எதற்காக வந்திருக்கிறோம் என்பது அவளுக்கும் தெரியும். செத்தது அவள் அண்ணன்.

அந்தத் தெருவில் கடைக்குக் கடை போல்ட்டும் நட்டும் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தன. எல்லாம் மில்லிமீட்டர். இன்ச் அளவு என்று வாயெடுத்தால் சிரித்தார்கள். “முக்கால் இன்ச்சா? ஆறு நூலா? அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு. இருபது எம்எம் எடுத்துக்குங்க, அதுலயே ஓடும்,” என்றார்கள். இன்ச்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். முக்கால் இன்ச்சுக்கு ஆறு நூல். அந்தக் கணக்கு தெரிந்தவர்களே தெருவில் குறைந்துவிட்டார்கள். தெரிந்த ஒருவர், இரும்புக் குவியல்களுக்கு நடுவே எடை மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார் என்பதால் ஊருக்கே அவர் ‘எடைக்கல்’.

லேத்தக்கா நான்கு போல்ட்டையும் அவர் முன்னால் வரிசையாக நிறுத்தினாள்.

எடைக்கல் ஒன்றை எடுத்துத் தலையைக் கட்டைவிரலால் துடைத்தார். துருவுக்கு அடியில் மூன்று சின்னக் கோடுகள் தெரிந்தன. “கோடு இருக்கு, நம்பர் இல்லை. இன்ச் சாமான். மில்லிமீட்டர்காரன்னா எட்டு புள்ளி எட்டுன்னு நம்பர் அடிச்சு அனுப்பியிருப்பான்.”

“மரைச் சுற்றை எண்ணிப் பாருங்களேன் அண்ணாச்சி,” என்றாள் சுருட்டை, தனக்கும் தொழில் தெரியும் என்று காட்ட.

“எண்ணினா ஏமாந்துடுவேம்மா. இதுல இன்ச்சுக்குப் பத்து மரை. இருபது எம்எம்லயும் ஏறக்குறைய அதே பத்துதான். அளந்து பாரு.”

லேத்தக்கா வெர்னியர் அளவுகோலை வைத்தாள். பத்தொன்பது மில்லிமீட்டரை ஒட்டி நின்றது. அசல் முக்கால் இன்ச்.

“அதனாலதான் இருபது எம்எம் நட்டு இதுல வெண்ணெய் மாதிரி ஓடும்,” என்றார் எடைக்கல். “மரை மரையோட சேரும். ஆனா நுனிதான் தொட்டுக்கிட்டு நிக்கும், உடம்பு பிடிக்காது. யார் வந்து கேட்டாலும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். கைக்கு ஏறும், கனத்துக்கு நிக்காது.”

லேத்தக்கா கோட்டின் உள்பையில் கைவிட்டு ஒரு நட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். மேலே எட்டு என்று மில்லிமீட்டர் முத்திரை. உள்ளே மரை வழித்துப் போட்டது போலத் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

எடைக்கல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. “இது நம்ம கடைச் சரக்கு. பக்கவாட்டுல இந்தப் பச்சைப் பெயின்ட் என் மூட்டையிலதான் இருந்துச்சு. மூணு வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்து ஹாய்ஸ்ட்டுக்கு ஆறு நூல் நட்டு நாலு கேட்டார். இன்ச் நட்டு இருக்கு, எடுத்துத் தர சாயங்காலம் ஆகும்னேன். காத்திருக்க முடியாதுன்னு இருபது எம்எம்மைக் காட்டினார். நான் இப்ப சொன்னதையே அவர்கிட்டயும் சொன்னேன். ‘ஏறினா போதும்’னுட்டுப் போயிட்டார்.”

“யாரு?” என்றாள் லேத்தக்கா. “முகம் ஞாபகம் இருக்கா?”

“நான் தலையைப் பார்க்கிறது போல்ட்டுக்கு மட்டும்தாம்மா.”

மூன்று வருஷமாகத் தொண்டையில் சிக்கிய முள், இன்னும் ஓர் அங்குலம் உள்ளே போனது.

நடந்தது இதுதான். அவள் புருஷன் மெஷின் பொருத்தும் பிட்டர். ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில், சங்கிலியால் எடை தூக்கும் பழைய ஹாய்ஸ்ட்டை உத்தரத்தில் மாட்டும் வேலை அவனுக்கு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதலாளி வகுத்தது. சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் ஆள் உயரத்துக்கு எழுதியும் வைத்திருந்தார்: ‘இறுக்கினவன் கீழே நிற்கணும்.’ யார் நட்டை இறுக்கினானோ, முதல் லோடு ஏறும்போது அவன்தான் அதற்கு அடியில் நிற்க வேண்டும். அப்போதுதான் வேலையில் பயம் இருக்குமாம். அவன் நின்றான். ஹாய்ஸ்ட்டோடு சேர்ந்து ஒரு லாரி இன்ஜின் அவன் மேல் வந்தது.

விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டரிடம் முதலாளி கைகட்டி நின்று சொன்னார்: “எனக்கு நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாதுங்க. நான் வியாபாரி. நட்டை அவனே வாங்கிட்டு வந்தான், அவனே போட்டான்.” பிட்டரின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறான்? விழுந்த நான்கு நட்டுகளில் மூன்று அன்றைக்கே மாயமாகிவிட்டன. அண்ணனைப் பார்க்க ஓடிய சுருட்டையின் காலில் இடறியது இந்த ஒன்று.

அவன் இருபது எம்எம் நட்டை வாங்கியிருக்க மாட்டான் என்று லேத்தக்கா நம்பினாள். பகல் முழுக்க நம்புவாள். படுத்த பிறகுதான் கேள்வி வரும். அவசரத்தில் வாங்கியிருந்தால்? அவனேதான் ‘ஏறினா போதும்’ என்று சொல்லியிருந்தால்? அந்த ஒரு கேள்வி அவளைத் தினமும் கொன்றது. அதற்குப் பதில் கிடைக்காமல் அவனை முழுசாக அழக்கூட முடியவில்லை.

போன வாரம், லேத் ஓட்டுகிற அவளைத் தேடி முதலாளியே ஆள் அனுப்பினார். சீல் வைத்த ஹாய்ஸ்ட்டைத் திறக்க இன்ஸ்பெக்டர் சம்மதித்துவிட்டாராம். ஒரே நிபந்தனை, தலையில் கம்பெனிக் கோடு போட்ட அசல் இன்ச் போல்ட் வேண்டும். லேத்தில் கடைந்தது செல்லாது. அவர் ஆட்கள் தெருவெல்லாம் அலைந்து இருபது எம்எம்மாகக் கொண்டுவந்து கொட்டினார்களாம்.

“உன்னை விட்டா ஆள் இல்லைன்னாங்கம்மா,” என்றார் முதலாளி, அவள் நேரில் போனபோது, பல்லைக் குத்திக்கொண்டே. “புருஷன் விட்ட குறையைப் பொண்டாட்டி தீர்த்து வைக்கிறதும் ஒரு பொருத்தம்தானே?”

லேத்தக்கா சிரித்தாள்.

எடைக்கல்லிடமிருந்து கிளம்பியதும் லேத்தக்கா நேரே முதல் கடையில் நுழைந்தாள். “இருபது எம்எம் நட்டு, நாலு.” கடைக்காரர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். குவியலில் கழற்றிய இன்ச் நட்டுகளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, அதே மாதிரி இன்னொரு காகிதத்தில் சுற்றினாள். இரண்டு பொட்டலம். கோட்டின் இரண்டு பை.

வேனை ஓட்டிக்கொண்டே சுருட்டை கேட்டாள். “எதை மாட்டப் போறீங்க?”

லேத்தக்கா இரண்டு பையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“அண்ணி, அந்த ஆள் கீழ நிக்கணும். சங்கிலியை நான் இழுக்கறேன். என் அண்ணன் மேல விழுந்த மாதிரியே விழணும். விழட்டும். அப்புறம் என்னைத் தூக்கில போட்டாலும் சரி.”

“வண்டியை ஒழுங்கா ஓட்டு. தூக்கில போடறதுக்கு முன்னாடி லாரிக்காரன் போட்டுடுவான்.”

“அந்த ஆள் எப்படி நிப்பான்? இறுக்கினவங்கதானே நிக்கணும்?”

“இறுக்க வைப்போம்.”

ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் நாற்றமும் வெல்டிங் புகையும் அப்படியே இருந்தன. சுவரில் சிவப்பு எழுத்தும் அப்படியே. அதற்குக் கீழே சிமென்ட் தரையில் ஒரு பள்ளம், பூசி மெழுகியும் நிறம் சேராமல் தனியாகத் தெரிந்தது. லேத்தக்கா அதைத் தாண்டித்தான் ஏணிக்குப் போக வேண்டியிருந்தது. மிதிக்காமல் தாண்டினாள்.

இன்ஸ்பெக்டர் போல்ட்டுகளை மேசையிலேயே பார்த்தார். கோடுகளைத் தடவினார், அளந்தார், தலையாட்டினார். “போல்ட் சரி. மத்ததெல்லாம் லோடு டெஸ்ட் முடிஞ்சதும் ஒரே தடவையா மேல ஏறிப் பார்த்து அனுமதி முத்திரை வைக்கிறேன். என் முட்டிக்கு ரெண்டு தடவை ஏணி ஏற வராது.”

லேத்தக்கா மேலே ஏறினாள். உத்தரத்துக்கும் கூரைக்கும் நடுவே அரையிருட்டு. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். போல்ட்டுகளை நுழைத்து நட்டுகளை விரலால் சுழற்றினாள். எண்ணெய் பூசிய மரையில் வழுக்கிக்கொண்டு ஏறின. மூன்றை இறுக்கினாள். நான்காவதை விரல் இறுக்கத்தோடு விட்டுவிட்டுக் கீழே குனிந்து பார்த்தாள்.

கீழே முதலாளி புது வெள்ளைச் சட்டையில் நின்றார். எதையும் தன் கையால் தொடங்கிவைத்தால்தான் உருப்படும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. புது மெஷின் வந்தால் முதல் பட்டன் அவர்தான் அமுக்குவார். ஆட்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ‘கைராசி’.

“முதலாளி!” என்று உரக்கக் கூப்பிட்டாள். “மூணு வருஷம் மூடிக் கிடந்தது. கடைசி நட்டு உங்க கையால இறுக்கினா நல்லா இருக்கும்.”

முதலாளியின் முகம் விரிந்தது. இன்ஸ்பெக்டரை ஒரு பார்வை, ஆட்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார். லேத்தக்கா தன் ஸ்பேனரை நட்டில் பொருத்திப் பிடித்துக் கொடுத்தாள். அவர் கண்ணை உத்தரத்தில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான். கீழே கைதட்டினார்கள். ஸ்பேனரைக் கேடயம் வென்றவர் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

பின்னாலேயே இறங்கிய லேத்தக்கா சுவரைப் பார்த்து மெதுவாகப் படித்தாள். “இறுக்கினவன் கீழே நிற்கணும்.”

ஒர்க்‌ஷாப் ஆட்கள் கைதட்டலை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள்.

“நான் மூணு இறுக்கினேன், நான் நிக்கிறேன். நீங்க ஒண்ணு இறுக்கினீங்க. வாங்க முதலாளி.”

வெல்டர் ஒருவன் பின்னாலிருந்து, “சட்டம்னா எல்லாருக்கும்தானே!” என்று சிரித்தான். இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரின் உதட்டிலும் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. பின்வாங்கினால் மானம் போகும். தவிர, பெண்பிள்ளையே கூட நிற்கிறாள்.

“நிக்கிறேன்! என்ன இப்ப?” என்று நெஞ்சை நிமிர்த்தி வந்து, அந்த நிறம் சேராத சிமென்ட்டின் மேல் நின்றார்.

தரையில் லாரி இன்ஜின் ஒன்று தயாராக இருந்தது. கொக்கியை மாட்டிவிட்டுச் சுருட்டை சங்கிலியைப் பிடித்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அண்ணியும் கூட நிற்பாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கடைசி நேரத்தில் விலகிவிடுவாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தாள். கடகடவென்று சங்கிலி ஓடியது. இன்ஜின் தரையை விட்டு எழும்பியது. முழங்கால் உயரம். இடுப்பு உயரம். தோள். தலைக்கு மேலே.

லேத்தக்கா பக்கத்தில் நின்றவரிடம், ஊர் நிலவரம் பேசுவது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

“இன்ச் நட்டுக்கு நாயா அலைஞ்சேன் முதலாளி. இந்தத் தெருவுல இருபது எம்எம் நட்டுதான் மலிஞ்சு கிடக்கு. பரவாயில்லை, போல்ட்டுல நல்லாவே ஓடுது.”

விஷயம் தெரியாதவனுக்கு அதில் ஒன்றுமே இல்லை. ஓடுகிற நட்டு ஓடுகிறது, அவ்வளவுதான். வெல்டர் கொட்டாவி விட்டான்.

முதலாளி கொட்டாவி விடவில்லை.

அவர் முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்தது. அண்ணாந்து பார்த்தார். அடுத்த நொடி பாம்பை மிதித்தவர் மாதிரி துள்ளிப் பாய்ந்து மேசையில் போய் மோதினார். “நிறுத்து! இறக்கு! இறக்குடி! இருபது எம்எம்மா? அது கைக்கு ஏறும், கனத்துக்கு நிக்காது! லோடு ஏறினா மரையை உருவிக்கிட்டு வந்துடும்!”

சங்கிலி நின்றது. இன்ஜின் லேத்தக்காவின் தலைக்கு மேலே லேசாக ஆடியது. அவள் ஓர் அடியும் நகரவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. முதலாளி வாயில் வந்தது எடைக்கல்லின் அதே வார்த்தை. மூன்று வருஷ முள் வெளியே வந்துவிட்டது. எடைக்கல்லிடம் ‘ஏறினா போதும்’ என்று சொன்னது தன் புருஷன் அல்ல.

“யார் சொன்னாங்க முதலாளி உங்களுக்கு?” என்றாள்.

“யாரு... எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே...”

“எனக்கே இப்பத்தான் தெரியும்,” என்றான் வெல்டர். இப்போது அவன் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “மூணு வருஷம் முன்னாடி இதே இடத்துல நின்னு, நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு என்கிட்ட சொன்னீங்களே ஐயா?”

“அது... அந்தக் கடைக்காரன் சொன்னான், நான் நம்பலை, அவசரம்... ஒரு நாள் மெஷின் நின்னா எவ்வளவு நஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது...”

“அப்ப கடைக்குப் போனது நீங்க,” என்றாள் லேத்தக்கா. “என் வீட்டுக்காரர் மேல நின்னு, லூசா இருக்கே முதலாளின்னு கேட்டிருப்பார். கேட்டாரா?”

ஓரத்தில் நின்றிருந்த வயதான பெயின்டர்தான் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டே. “கேட்டான்மா. ‘புது நட்டு அப்படித்தான் இருக்கும், இறுக்கிட்டு வந்து நில்லு’ன்னு இவர் சொன்னார். என் காதால கேட்டேன். வேலை போயிடும்னு வாயைத் திறக்கலை.”

முதலாளியைச் சுற்றி நின்றவர்கள் தாங்களாகவே இரண்டடி விலகிக்கொண்டார்கள். புது வெள்ளைச் சட்டையோடு அவர் நடுவில் தனியாக நின்றார்.

“அண்ணி, போதும், வெளிய வாங்க!” சுருட்டை அழுதுகொண்டே கத்தினாள். “அது விழுந்துடும்! என்னால பிடிக்க முடியலை!”

“இழுடி.”

“மாட்டேன்!”

“உன் அண்ணன் மேல சத்தியம். உச்சி வரைக்கும் இழு.”

கண்ணை இறுக மூடிக்கொண்டு சுருட்டை இழுத்தாள். இன்ஜின் உத்தரத்துக்கு அடி வரை போய் நின்றது. ஆடியது. அடங்கியது. கூரையிலிருந்து கொஞ்சம் தூசி உதிர்ந்தது. வேறு எதுவும் விழவில்லை.

லேத்தக்கா நடந்து முதலாளியிடம் வந்தாள். அவர் கையில் இன்னும் அந்த ஸ்பேனர் இருந்தது. கீழே போடக்கூட மறந்திருந்தார். அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தாள். நான்கு புது நட்டுகள் உருண்டன. நான்கின் மேலும் எட்டு முத்திரை.

“இதுல எதையாவது உங்க ஸ்பேனர் வாய்க்குள்ள நுழைச்சுக் காட்டுங்க முதலாளி.”

அவர் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் ஸ்பேனரை வாங்கிப் பொருத்திப் பார்த்தார். நுழையவில்லை. திருப்பிப் போட்டும் பார்த்தார். ஸ்பேனரின் வாய் நட்டின் விளிம்பிலேயே முட்டி நின்றது.

“பழைய இன்ச் ஸ்பேனர் சார்,” என்றாள் லேத்தக்கா. “இதை வெச்சுத்தான் முதலாளி மேல இறுக்கினார். கையைப் பார்த்திருந்தா அவருக்கே தெரிஞ்சிருக்கும், மேல இருக்கிறது நாலும் அசல் இன்ச் நட்டுன்னு.”